பிரான்சில் அமெரிக்க மாணவர் எங்கே திணறுகிறார்? கேம்பஸ் இல்லாத கல்லூரி வாழ்க்கை: ஒரு விளக்கம்

செப்டம்பர் பிறந்தால் போதும், பாரிஸ், லியோன், எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் என்று பிரெஞ்சு ஊர்களிலிருந்து அமெரிக்க மாணவர்களின் வீடியோக்கள் வரிசைகட்டி வரும். வங்கிக் கணக்கு திறக்க முடியவில்லை என்று ஒருத்தி புலம்புவாள். ராத்திரி பசித்தபோது ஃபிரிட்ஜைத் திறந்ததற்கு வீட்டுக்கார அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பான் இன்னொருவன். ஊரில் எப்போதும் முதல் வரிசை மார்க் வாங்கியவர், 20க்கு 12 என்ற தாளைக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பின்னூட்டத்தில் இரண்டு கட்சி தயாராக இருக்கும்: "பிரெஞ்சுக்காரனுக்குத் திமிர்" என்று ஒன்று, "அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் செல்லம் ஜாஸ்தி" என்று மற்றொன்று.

குணத்தைக் குறை சொல்லும் முன் ஏற்பாட்டைப் பார்க்கலாம். ஒரு மாணவரின் சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், மார்க், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பதில், பிரான்சில் வேறு பதில். ஃபிரிட்ஜ் சண்டையிலிருந்து மார்க் அதிர்ச்சி வரை பெரும்பாலானவை இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

இவர்கள் யார், எப்படி வருகிறார்கள்?

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு. மூன்றாம் ஆண்டுக்கு 'ஜூனியர் இயர்' என்று பெயர். அந்த ஆண்டை வெளிநாட்டில் படித்து, அங்கே வாங்கிய மதிப்பெண்ணைச் சொந்தக் கல்லூரிப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு பிரான்சை வைத்துத்தான் தொடங்கியது. 1923-ல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சு மொழிப் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைட், முதல் உலகப்போரில் பணியாற்றித் திரும்பியவர், எட்டு மாணவர்களைக் கப்பலில் அழைத்துப்போனார். முதலில் நான்சி நகரில் மொழிப் பயிற்சி, அப்புறம் பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகம். இரண்டு ஆண்டு கழித்து ஸ்மித் மகளிர் கல்லூரியும் மாணவிகளை அனுப்பத் தொடங்கியது.

பின்னாளில் அதிபர் கென்னடியின் மனைவியான ஜாக்குலின் பூவியே, 1949-ல் ஸ்மித் கல்லூரித் திட்டத்தில்தான் போனார். கிரெனோபிளில் சில வாரம், பிறகு பாரிஸில் து ரான்தி குடும்பத்தின் வீட்டில் தங்கல். அந்த வீட்டு அம்மா போர்க்காலத்தில் ராவென்ஸ்புரூக் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பியவர், கணவர் திரும்பவில்லை. ரேஷன் இன்னும் முழுதாக ஒழியாத காலம். அமெரிக்க மாணவிகள் தரும் வாடகை அந்த வீட்டுக்குத் தேவையான வருமானம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 'விருந்தோம்பும் குடும்பம்' என்ற சொல்லுக்குப் பின்னால் அன்றிலிருந்தே ஒரு வரவுசெலவுக் கணக்கும் இருக்கிறது.

இன்று போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. பரிமாற்ற மாணவர்: இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே ஒப்பந்தம். அமெரிக்காவில் கட்டணம் கட்டிவிட்டு பிரெஞ்சு மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருவார்.

2. திட்ட மாணவர்: அமெரிக்கக் கல்லூரியோ ஒரு நிறுவனமோ பிரான்சில் நடத்தும் மையத்தில் சேருவார். பாரிஸ் ஷெவ்ரூஸ் தெருவில் இருக்கும் ரீட் ஹால் இப்படிப்பட்ட இடம். 1964 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சொத்து. வகுப்பு, வீடு, விசா என எல்லாவற்றிலும் மையம் கைகொடுக்கும்.

3. நேரடி மாணவர்: அமெரிக்கக் கல்லூரியே இல்லாமல், முழுப் பட்டத்துக்கும் பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் சேருபவர்.

வாசகர்கள் அதிகம் குழம்பும் இடம் கட்டணம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு பிரான்ஸ் 2019-ல் கட்டணத்தைப் பலமடங்கு ஏற்றியது. அப்படி ஏற்றிய பிறகும் இளநிலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோதான் (பிரெஞ்சு மாணவருக்கு அப்போது 170). அதன்பின் கொஞ்சம் கூடியிருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் இந்தக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. ஆனால் முதல் இரண்டு வகை மாணவர்களில் பலர், அமெரிக்கத் தனியார் கல்லூரி கேட்கும் ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேற்பட்ட தொகையைத்தான் கட்டுகிறார்கள். அதே அறையில், அதே பேராசிரியரிடம், பக்கத்து நாற்காலியில் இருக்கும் பிரெஞ்சு மாணவர் கட்டுவதைப்போல நூறு மடங்குக்கும் மேல். ஏன்? அமெரிக்க அரசின் கல்விக் கடனும் உதவித்தொகையும் சொந்தக் கல்லூரி ஒப்புக்கொண்ட படிப்புக்கு மட்டுமே தொடரும், வெளிநாட்டில் முடித்த பாடத்தைப் பட்டத்துக்குக் கணக்கில் சேர்க்கும் கிரெடிட்டை ஏற்பதும் அந்தக் கல்லூரியின் கையில்தான். பணத்தின் பெரும்பகுதி அந்த அங்கீகாரத்துக்கான விலை என்று சொன்னால் அதிகமில்லை.

ஒரே காண்ட்ராக்டரும் ஒன்பது அலுவலகமும்

கல்யாணத்துக்கு மண்டபம், சமையல், மேளம், பூ எல்லாவற்றையும் ஒரே காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அல்லது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் பிடித்து நாமே அலையலாம். அமெரிக்கக் கல்லூரி முதல் வகை. விடுதி, மெஸ், மருத்துவ மையம், ஜிம், மனநல ஆலோசகர், வளாகக் காவலர் எல்லாமே கல்லூரியுடையது, எல்லாம் ஒரே பில்லில். பிரெஞ்சுப் பொதுப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தும், தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும். மீதி எல்லாம் வேறு யாரோ.

அந்த வேறு யாரோ யார் யார் என்று பார்ப்போம்.

1. சாப்பாடும் விடுதியும்: க்ரூஸ் என்னும் அரசு அமைப்பு, 1955 முதல். அதன் உணவகத்தில் முழுச் சாப்பாட்டின் மாணவர் விலை நெடுநாளாக 3.30 யூரோவாக இருந்தது, உதவித்தொகை பெறுபவர்களுக்கு 2020-ல் அது 1 யூரோ ஆனது. விடுதி அறைக்கு வரிசை நீளம். வசதி குறைந்த உள்ளூர் மாணவர்களுக்கே முன்னுரிமை.

2. மருத்துவம்: தேசிய சுகாதாரக் காப்பீடு. நேரடி மாணவர் அதில் இலவசமாகப் பதியலாம். குடும்ப மருத்துவரைப் பார்க்க 30 யூரோ; அதில் 70 விழுக்காடு கணக்கிட்டு, 2 யூரோ கழித்து, 19 யூரோ வங்கிக்குத் திரும்பி வரும். அமெரிக்க மருத்துவ பில்லைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதை நம்புவதற்கே ஒரு மாதம் ஆகிறது. ஒரு பருவத்துக்கு மட்டும் வருபவர்கள் பெரும்பாலும் தனியார் காப்பீட்டோடு வருகிறார்கள், இந்தச் சுகம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

3. தங்கும் உரிமை: உள்துறை அமைச்சகமும் மாவட்ட ஆட்சியகமும். 90 நாளுக்கு மேல் என்றால் விசா கட்டாயம். ஒரு பருவத்துக்கு வருபவருக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் வரையிலான தற்காலிக நீண்டகால விசா. முழு ஆண்டுக்கு வருபவரின் விசாவே வதிவிட அனுமதியாகவும் இருக்கும். ஆனால் வந்து மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதைச் செல்லுபடியாக்க வேண்டும். மறந்தால் சிக்கல். அந்த விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலையும் செய்யலாம்.

விளையாட்டு, பயண அட்டை ஒவ்வொன்றுக்கும் இன்னும் சில வாசல்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலை விட்டுவிடலாம். வாசல்களுக்கு இடையே உள்ள முடிச்சுதான் முக்கியம்.

வாடகைக்கு வீடு கேட்டால், உரிமையாளர் பிரெஞ்சு வங்கிக் கணக்கைக் கேட்பார். வங்கிக்குப் போனால், முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரிச் சான்று என்றால் பெயர் போட்ட மின்கட்டண ரசீது. அது வீடு கிடைத்தால்தான் வரும். இதற்கு மேல் உரிமையாளர் ஒரு பிணையாளரையும் கேட்பார், பெரும்பாலும் வாடகையைப்போல மூன்று மடங்கு சம்பளம் உள்ளவர், பிரான்சில் வரி கட்டுபவர். ஒஹாயோவில் அப்பா எவ்வளவு சம்பாதித்தாலும் இங்கே அது செல்லாது. 30 வயது வரை உள்ளவர்களுக்காக 'விசால்' என்று ஓர் இலவசப் பிணைத் திட்டம் இருக்கிறது. அது இருப்பதே பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

இந்த வட்டத்தை உடைக்கும் எளிய வழி குடும்பத்தோடு தங்குவது. வீட்டுக்கார அம்மா மூன்று தாள் கொடுப்பார்: "இந்த மாணவி என் வீட்டில் வசிக்கிறாள்" என்று கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டையின் நகல், அண்மைய மின்கட்டண ரசீது. மூன்றும் சேர்ந்தால் வங்கி திறக்கும். மேடைப் பேச்சில் கலாசாரப் பரிமாற்றம் என்று சொல்லப்படும் வீட்டுத் தங்கல், நடைமுறையில் பாதி இந்த மூன்று தாளுக்காகவும்தான்.

வீட்டுக்குள்: ஃபிரிட்ஜ், வெந்நீர், ராத்திரிச் சாப்பாடு

ஃபிரிட்ஜ் விவகாரம் பார்க்கச் சிறியது. அமெரிக்க வீட்டில் "உன் வீடு மாதிரி நினைத்துக்கொள்" என்றால் ஃபிரிட்ஜும் அதில் அடக்கம். பிரெஞ்சு வீட்டில் ஃபிரிட்ஜில் இருப்பது நாளைய சாப்பாடு. இன்று வாங்கிய தயிர்க் கிண்ணங்கள் நாலு என்றால் நாலு பேருக்கு ஒவ்வொன்று என்ற கணக்கு அதில் இருக்கும். நேர நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர். இடையில் கொறிப்பது குழந்தைகளுக்கு உரியது, அவர்களுக்கும் மாலை நாலு மணிக்கு ஒருமுறைதான். மாணவர் தங்குவதற்கான ஒப்பந்தத்தில் காலை உணவும் வாரத்துக்கு இத்தனை ராத்திரிச் சாப்பாடும் என்று எழுதியிருக்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுக்கலாம்; கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

வெந்நீருக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. பல அடுக்குமாடி வீடுகளில் தண்ணீர் ஒரு மின்தொட்டியில் ராத்திரி மலிவுக் கட்டண நேரத்தில் சூடாகும். தொட்டி தீர்ந்தால் மறுநாள் வரை அவ்வளவுதான். அமெரிக்க வழக்கப்படி இருபது நிமிடம் ஷவரில் நின்றால், அடுத்து குளிக்கும் தாத்தாவுக்குப் பச்சைத் தண்ணீர். அந்த அம்மா கதவைத் தட்டும்போது அது கஞ்சத்தனமாகத் தெரியும். தொட்டி இருக்கும் அலமாரியை முதல் நாளே திறந்து காட்டியிருந்தால் பாதிச் சண்டை குறையும் என்பது என் எண்ணம்.

ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு. ஐந்தரை, ஆறு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் அதற்குள் துவண்டுவிடுவார்கள். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசைவிரிப்பின் மேலேயே வைப்பார்கள். இரு கையும் மேசைமேல் தெரிய வேண்டும்; அமெரிக்காவில் ஒரு கையை மடியில் வைப்பதுதான் மரியாதை. காய்கறிச் சாலட் முக்கியப் பதார்த்தத்துக்குப் பிறகு, பாலாடைக்கட்டி அதற்கும் பிறகு. முக்கோணப் பாலாடைக்கட்டியின் கூர் முனையை நறுக்கிக்கொண்டால் எல்லோரும் பார்ப்பார்கள். நடுப்பகுதிதான் ருசி, அதை ஒருவரே எடுத்துக்கொள்வது முறையல்ல. நீளவாக்கில் எல்லோருக்கும் பங்கு வருகிற மாதிரி அரிய வேண்டும். சாப்பாடு ஒன்றரை மணி நேரம் போகும், அரசியல் பேசுவார்கள், ஒருவரையொருவர் மறித்துப் பேசுவார்கள். மாணவரின் பிரெஞ்சு உண்மையில் வளரும் இடம் இந்த மேசைதான், வகுப்பறை அல்ல.

வகுப்பறை: 12 மார்க் என்றால் என்ன?

பிரான்சில் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்கும் உரிமை உண்டு. கடும் போட்டி எல்லாம் 'க்ராந்த் எகோல்' எனப்படும் தனி உயர்கல்வி நிறுவனங்களுக்கு. வாசலில் பெரும்பாலும் வடிகட்டாததால் பல்கலைக்கழகம் உள்ளே வடிகட்டுகிறது. முதல் ஆண்டில் சேர்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான் நேராக இரண்டாம் ஆண்டுக்குப் போகிறார்கள். அமெரிக்கா இதற்கு நேர்மாறு. நுழையும்போதுதான் சல்லடை. நுழைந்தவர் தேறிவிட வேண்டும் என்று கல்லூரியே பாடுபடும்.

இதிலிருந்து பின்வருவன தானாகவே வருகின்றன.

1. வகுப்பு இரண்டு விதம். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அரங்கில் பேராசிரியர் பேச, மாணவர் எழுதிக்கொள்ளும் விரிவுரை. முப்பது, நாற்பது பேரோடு பயிற்சி வகுப்பு. வருகைப் பதிவும் உள்மதிப்பீடும் இரண்டாவதில்தான்.

2. வாரவாரியான பாடத்திட்டமும் மார்க் பங்கீடும் முதல் நாளே கையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அரைப் பக்க நூல் பட்டியல் வரலாம். எதைப் படிப்பது, எவ்வளவு படிப்பது என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

3. மார்க் 20க்கு. 10 எடுத்தால் தேர்ச்சி. 12 'ஓரளவு நன்று', 14 'நன்று', 16 'மிக நன்று'. இலக்கியம், தத்துவம் போன்ற பாடங்களில் 16 அபூர்வம். 18-ஐ யாரும் கண்ணால் பார்த்ததாகச் சொல்வதில்லை.

அமெரிக்கர் 12ஐ நூற்றுக்கு 60 என்று பெருக்கிப் பார்த்து நடுங்குகிறார். பெருக்கக் கூடாது. எந்த மார்க்குக்கு எந்தக் கிரேடு என்று சொந்தக் கல்லூரி ஓர் அட்டவணை வைத்திருக்கும். 14ஐ ஏ கிரேடாகவோ அதற்குச் சற்றுக் கீழாகவோ ஏற்பது பரவலான வழக்கம்.

ஆனால் 7, 8 என்று வந்தால் அது மாற்று அட்டவணையால் தீராது. அங்கே பிழை கட்டுரையின் கட்டுமானத்தில் இருக்கும். எடுத்துக்காட்டாக, "சுதந்திரம் என்பது தடை இல்லாத நிலையா?" என்று கேள்வி. அமெரிக்கப் பயிற்சிப்படி முதல் பத்தியிலேயே "இல்லை, ஏனென்றால்..." என்று தன் நிலைப்பாட்டை அறிவித்துவிட்டு, மூன்று ஆதாரங்களால் அதைத் தாங்கி நிறுத்துவார்கள். பிரெஞ்சுத் திருத்துநருக்கு அது அவசரக்குடுக்கைத்தனம். கேள்வியில் என்ன முரண் ஒளிந்திருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு கட்டுரை எந்தப் பாதையில் போகும் என்று அறிவிக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுப் பலத்தோடு சொல்லி, மறுபக்கத்தால் அதைக் குலுக்கி, மூன்றாவதாக இரண்டையும் தாண்டிய ஓரிடத்துக்குப் போக வேண்டும். தன் கருத்து அங்கேதான், கடைசியில்தான் வரலாம். பள்ளி நாளிலிருந்து இதில் ஊறிய பிரெஞ்சுப் பிள்ளைக்கு யாரும் இதை விளக்கத் தேவையில்லை. அதனாலேயே வெளியாருக்கும் யாரும் விளக்குவதில்லை. ஓரத்தில் சிவப்பு மையில் "திட்டம் எங்கே?" என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

தெருவில்

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். கடைக்குள் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லாமல் "ஒரு பகெத்" (நீள ரொட்டி) என்று கேட்பது, வீட்டுக்குள் வந்து வணக்கம் சொல்லாமல் சாப்பாடு கேட்பதைப்போல எடுத்துக்கொள்ளப்படும். பாரிஸ்காரரின் சிடுசிடுப்பு என்று பேர்போனதில் கணிசமான பங்கு இந்த ஒற்றைச் சொல் விடுபட்டதால் வருவது. ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். குடிக்கும் வயது 18, அமெரிக்காவில் 21. இருபது வயதுக்காரருக்கு இது பெரிய விடுதலையாகப் படும். பிரெஞ்சு வகுப்புத் தோழர்களோ ஒரே கோப்பையை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசுவார்கள்.

வேலைநிறுத்தம் தனி விஷயம். 2018-ல், பல்கலைக்கழகமும் வாசலில் வடிகட்ட வழிவிடும் என்று கருதிய சேர்க்கைச் சட்டத்தை எதிர்த்துப் பாரிஸின் தொல்பியாக் வளாகம் உட்படப் பல பல்கலைக்கழகக் கட்டடங்களை மாணவர்கள் முற்றுகையிட்டார்கள். 2019 டிசம்பரில் ஓய்வூதியத் திருத்தத்துக்கு எதிராக ரயிலும் மெட்ரோவும் வாரக்கணக்கில் முடங்கின. கிரெடிட் கணக்குப் பார்க்கும் அமெரிக்க மாணவருக்கு, வகுப்பு நடக்காத வாரம் பணநட்டம். பக்கத்து நாற்காலிக்காரருக்கு அது படிப்பின் ஒரு பகுதி.

பிரெஞ்சு நண்பர்கள் ஏன் கிடைப்பதில்லை?

திரும்பி வரும் மாணவர்களின் பெரிய குறை இதுதான்: "போனோம், வந்தோம், கடைசிவரை அமெரிக்கர்களோடுதான் சுற்றினோம்." காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அமைகின்றன.

1. பல பிரெஞ்சு மாணவர்கள் பெற்றோர் வீட்டிலிருந்தோ பக்கத்து ஊரிலிருந்தோ வருகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். அமெரிக்கர் நட்பு பிடிக்க நினைக்கும் வார இறுதியில் ஊரே காலி.

2. நட்பு வட்டம் பள்ளியிலிருந்தோ முதல் ஆண்டுப் பயிற்சி வகுப்பிலிருந்தோ வந்தது. மூன்றாம் ஆண்டில் நுழைபவருக்கு அங்கே நாற்காலி காலியில்லை. சேர்ந்திசைக் குழு, கால்பந்து, கைப்பந்து என்று வாராவாரம் ஒரே முகங்களைப் பார்க்கும் இடம்தான் வழி.

3. நாட்காட்டி. அமெரிக்கர் கிறிஸ்துமஸுக்கு முன் விமானம் ஏறியாக வேண்டும். பல பிரெஞ்சுப் பல்கலைக்கழகங்களில் முதல் பருவத் தேர்வு ஜனவரியில். ஒன்று, பேராசிரியரைக் கெஞ்சி டிசம்பரிலேயே தனித் தேர்வு எழுத வேண்டும். இல்லையென்றால் மையமே தன் மாணவர்களுக்கென்று தனி வகுப்பு நடத்த வேண்டும். இரண்டாவது வழி எளிது என்பதால் மையங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. விளைவு, பிரெஞ்சு ஆசிரியர் நடத்தும் பிரெஞ்சு வகுப்பில் எல்லோரும் அமெரிக்கர்.

1923-ல் அந்த எட்டுப் பேரும் ஓராண்டு தங்கினார்கள். இன்று வெளிநாடு போகும் அமெரிக்க மாணவர்களில் முழு ஆண்டு தங்குபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. ஒரு பருவமோ கோடையில் சில வாரமோ போதும் என்றாகிவிட்டது. ஒரு பருவம் என்றால் வங்கிக் கணக்கு திறந்து முடிக்கவே அக்டோபர் ஆகிவிடும். கட்டுரையின் மூன்று பகுதிகள் பிடிபடுவது நவம்பரில். எட்டு மணிச் சாப்பாட்டு மேசையில் மறித்துப் பேசும் துணிவு வரும் நேரத்தில் டிக்கெட் தேதி வந்துவிடும்.